அங்கொடைக்கும் பல்லேபொலவுக்கும் இடையிலான தூரம்

இலங்கையில் "அங்கொடை" என்பது ஓர் ஊரின் பெயராக மட்டும் வழங்குவதில்லை. "இவனை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் வழக்கம் தமிழரிடமும் சிங்களவரிடமும் முஸ்லிம்களிடமும் ஒன்றுபோல் உண்டு. மொழிச் சண்டை ஓயாத ஒரு நாட்டில் மூன்று சமூகத்தவரும் ஒரே பொருளில் பயன்படுத்தும் சொற்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று நோயாளரை இழிக்கும் சொல்லாக அமைந்தது நமது துரதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

கொழும்பின் புறநகரான அங்கொடையிலிருந்து பல்லேபொலவுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீற்றர். மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் ஏ-9 வீதிக்கு மேற்குப் புறமாக அமைந்த பிரதேச செயலகப் பிரிவு அது. வயலும் வாசனைப் பயிர்த் தோட்டங்களும் கொண்ட நிலம். சிங்களவர் பெரும்பான்மையினர், முஸ்லிம்களும் தமிழர்களும் அங்கு வாழ்கின்றனர். கடல் இல்லை, போர்முனையும் அங்கே இருந்ததில்லை. வெளியுலகத்துக்குச் செய்தியாகாத ஊர்களில் ஒன்று. அத்தகைய ஊரில் ஒருவருக்கு மனம் நோயுற்றால் நாடு அவருக்கு என்ன செய்தது என்பதைத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு பழைய நினைவு. 1970களின் பிற்பகுதியில், கொழும்பில் ஒரு நாளிதழின் ஆசிரிய பீடத்தில் மாகாண நிருபர்கள் அனுப்பும் கடிதங்களைச் செப்பனிடும் வேலையில் இருந்தேன். மாத்தளைப் பகுதியிலிருந்து எழுதும் நிருபர் ஒருவர், பல்லேபொலப் பக்கத்தில் இளம் விவசாயி ஒருவர் நஞ்சருந்தி மரணமான செய்தியை அனுப்பியிருந்தார். கடிதத்தின் அடியில் தனியாக இரண்டு வரிகள்: "ஐயா, இந்த மாதத்தில் இப்பகுதியிலிருந்து நான் எழுதும் நான்காவது மரணம் இது. ஏன் என்று யாராவது விசாரித்து எழுதினால் நல்லது." செய்தியை மூன்று வரிகளுக்குச் சுருக்கி அச்சுக்கு அனுப்பினேன். அடியில் இருந்த இரண்டு வரிகளையும் சிவப்பு மையால் வெட்டினேன். அன்று அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. இடமில்லை என்பதே பத்திரிகைக்காரனின் நியாயம்.

அந்த நிருபர் கேட்ட "ஏன்" என்ற கேள்விக்கு நாடு விடை தேடிய கதை நெடியது.

சுவர்களின் நூற்றாண்டு

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் மனநோயுற்றோரைத் தொழுநோயாளரோடு சேர்த்து ஹெந்தளையில் வைத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொறளையிலும், பின்னர் கறுவாத்தோட்டத்திலும் தனிக் காப்பகங்கள் எழுந்தன. 1920களில் அங்கொடை வைத்தியசாலை திறக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக அமைந்தது 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம். சித்த சுவாதீனம் அற்றவர் எனச் சந்தேகிக்கப்படுபவரை மாவட்ட நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, விசாரித்து, காப்பகத்துக்கு அனுப்புவதே அதன் சாரம். பொலிசாருக்கு அதில் முக்கிய பங்கு இருந்தது. நோயாளிக்கு எங்கே, எப்படி வைத்தியம் செய்வது என்பதைவிட, அவரால் பிறருக்கு இடைஞ்சல் வராமல் பார்ப்பது எப்படி என்ற கவலையே அச்சட்டத்தில் மேலோங்கி நின்றது. விக்டோரியா மகாராணி காலத்து ஆட்சியாளரின் சிந்தனை அது.

அக்காலத்தில் பல்லேபொல போன்ற கிராமத்தில் இச்சட்டம் எவ்வாறு நடைமுறைக்கு வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. சிங்களக் குடும்பம் முதலில் தொவில் சடங்கு செய்பவரை நாடும். தமிழ்க் குடும்பம் கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் செல்லும். முஸ்லிம் குடும்பம் ஓதிப் பார்ப்பவரை அழைக்கும். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. ஊர் கூடி ஒருவரின் துயரத்தைத் தன் துயரமாக ஏற்றுக்கொள்ளும் வழி அவற்றில் இருந்தது. ஆனால் கடும் மனநோயை அவற்றால் தீர்க்க இயலவில்லை. அவை பயனளிக்காதபோது எஞ்சியது வீட்டின் பின்னறை. அல்லது பொலிஸ், நீதிமன்றம், அங்கொடை. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

மாத்தளை மாவட்டத் தமிழரின் நிலை இன்னும் ஒருபடி கீழே. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள் என்பது வாசகர்கள் அறிந்த வரலாறு. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்களின் உடல்களுக்கே சரியான கணக்கில்லை. பிழைத்து வந்தவர்களின் மனத்துக்கு யார் கணக்கு வைத்திருக்கப் போகிறார்கள்?

1930களின் இறுதியில், இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் புகழ்பெற்ற மனநோய் நிபுணர் எட்வர்ட் மப்போதர் இலங்கைக்கு வந்து அங்கொடையைப் பார்வையிட்டு அரசுக்கு அறிக்கை அளித்தார். இட நெருக்கடியை அவர் கடுமையாகக் கண்டித்தார். மனநோய்ச் சிகிச்சை பொது வைத்தியசாலைகளோடு இணைய வேண்டும் என்பது அவரது கருத்து. 1940இலும் 1956இலும் செய்யப்பட்ட திருத்தங்கள், நோயாளி தாமாகவே வந்து சிகிச்சை பெறுவதற்கு இடமளித்தன. சட்டத்தின் பெயரும் மனநோய்கள் கட்டளைச் சட்டம் என்று நாகரிகம் பெற்றது.

தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே 1956இல்தான் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நெஞ்சு வலியை நெஞ்சைத் தொட்டுக் காட்டலாம். மன வலியைச் சொல்லால் அன்றி வேறெதனாலும் காட்ட இயலாது. நோயாளியின் மொழி வைத்தியருக்குப் புரியவில்லை என்றால் அங்கே பரிசோதனையே நடக்கவில்லை என்று பொருள். உளநலச் சேவையில் மொழியுரிமை என்பது சலுகை அல்ல, அதுவே சிகிச்சையின் முதற்படி.

ஜெயரத்தினத்தின் கணக்கு

இனி அந்த நிருபரின் கேள்விக்கு வருவோம்.

1950இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 6.5 ஆக இருந்த தற்கொலை விகிதம், 1995இல் 47 என்ற அளவுக்கு ஏறியது. அன்றைய உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. போர், வேலையின்மை, குடி, கடன், காதல் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் கூறினர். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆயினும் போர் நடக்காத விவசாய மாவட்டங்களிலும் மரணங்கள் மிகுந்திருந்ததற்கு அவை முழு விடையாகவில்லை.

அந்த விடையின் முதல் நூலிழையைப் பற்றியவர்களுள் ஒருவர் தமிழர். தொழில்சார் மருத்துவத் துறை அறிஞரான ஜெ. ஜெயரத்தினம், தம் சகாக்களோடு சேர்ந்து இலங்கை வைத்தியசாலைகளின் பதிவுகளை ஆராய்ந்து 1982இல் முடிவுகளை வெளியிட்டார். ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சினால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுகின்றனர், ஏறத்தாழ 1,000 பேர் மரணமடைகின்றனர் என்று அவ்வாய்வு காட்டியது. அவர்களுள் பெரும்பாலானோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள்.

பசுமைப் புரட்சியோடு கிராமத்துக்கு வந்த மருந்துகள் குடிசையின் மூலையிலேயே இருந்தன. ஒரு சண்டை, ஓர் அவமானம், கடன்காரனின் ஓர் ஏச்சு. அந்தக் கண நேரக் கொதிப்பில் கை நீட்டிய தூரத்தில் மரணம் இருந்தது. இவர்களுள் பலர் சாக வேண்டும் என்று நெடுநாள் திட்டமிட்டவர்கள் அல்லர். அந்தக் கணம் கடந்திருந்தால் வாழ்ந்திருக்கக்கூடியவர்கள் என்பதையே பின்வந்த ஆய்வுகளும் உணர்த்தின. நான் மூன்று வரிகளில் முடித்த அந்த இளம் விவசாயியும் அப்படிப்பட்டவராக இருந்திருக்கலாம்.

1980இன் 33ஆம் இலக்கப் பூச்சிகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்கு வழி திறந்தது. பூச்சிகொல்லிகள் பதிவாளருக்கு, எந்த மருந்தை நாட்டுக்குள் விடுவது, எதை விடாதிருப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கிடைத்தது. 1980களில் சில மருந்துகள் நிறுத்தப்பட்டன. 1995இல் மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட வகையில் எஞ்சியிருந்தவை தடைசெய்யப்பட்டன. 1998இல் இன்னொன்று, 2008 முதல் 2011 வரை மேலும் மூன்று எனத் தடை தொடர்ந்தது.

விளைவு வியப்பூட்டுவது. 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுகளில், அதற்கு முந்திய பத்தாண்டுகளோடு ஒப்பிட, ஏறத்தாழ 20,000 தற்கொலை மரணங்கள் குறைந்தன. 2015 அளவில் விகிதம் உச்சத்திலிருந்து ஏறத்தாழ எழுபது வீதம் இறங்கியது. 1995 முதல் 2015 வரை காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. இக்காலத்தில் நாட்டில் போரும், ஆழிப்பேரலையும், வறுமையும் இருந்தன. விளைச்சல் வீழ்ந்துவிடும் என்ற அச்சமும் பொய்த்தது. தடைகளால் நெல் விளைச்சல் பாதிக்கப்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. மருந்துகளைப் பூட்டுப் பெட்டியில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டனர். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குடும்பத்தின் தலையில் சுமத்திய பொறுப்பு பயன்தரவில்லை, அரசு தன் கடமையாக ஏற்றுச் செய்தது பயன்தந்தது. பொதுக் கொள்கை என்பதன் பொருள் இதுதான். பல்லேபொலவில் இன்று உயிரோடிருக்கும் எத்தனையோ பேருக்கு, தம்மைக் காப்பாற்றியது கொழும்பில் வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தல் என்பது தெரியாது.

குற்றவாளியா, நோயாளியா?

நஞ்சருந்திப் பிழைத்தவர் வைத்தியசாலைக் கட்டிலில் கண் விழிக்கும்போது, ஒருபுறம் தாதியும் மறுபுறம் பொலிஸ்காரரும் நின்ற காலம் இருந்தது. தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1997இல் ஜனாதிபதி நியமித்த தற்கொலைத் தடுப்புக் குழு ஆராய்ந்த விடயங்களில் இதுவும் ஒன்று. 1998இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. தமிழகம் உட்பட இந்தியாவில் இதற்கு ஈடான மாற்றம் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தால்தான் வந்தது. இவ்விடயத்தில் இலங்கை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்திக்கொண்டது.

சட்டம் மாறுவதற்கு முன்பே கைகொடுத்தவர்களும் உண்டு. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள், துயருற்றவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பதையே பணியாகக் கொண்டனர். வடக்கில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தின் பெரும்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்து பணியாற்றினார். ஒரு வைத்தியர் எல்லாரையும் பார்க்க முடியாது என்பதை உணர்ந்து, ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் அடிப்படை உளநல அறிவைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி அங்கு நடந்தது. மட்டக்களப்பில் மருத்துவர் மகேசன் கணேசன் 2000களின் தொடக்கத்தில் மிகக் குறைந்த வசதிகளோடு சமூகத்தை மையமாகக் கொண்ட சேவையைக் கட்டியெழுப்பினார். ஆளில்லாத குறையிலிருந்து பிறந்த இந்த வழிமுறைகளே பின்னர் நாட்டுக்கு முன்மாதிரியாயின.

அலை எட்டாத ஊருக்கு வந்த கொள்கை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர மாவட்டங்களை அழித்தது. மலைகளுக்கு நடுவில் உள்ள மாத்தளையை அது தொடவில்லை. எனினும் அந்தப் பேரழிவின் பின் ஆட்சியாளருக்கு உண்டான விழிப்பில், நெடுங்காலம் பேசப்பட்டுவந்த தேசிய உளநலக் கொள்கை 2005இல் அமைச்சரவையின் அங்கீகாரத்தைப் பெற்றது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உளநோய்க்கான உள்நோயாளர் பிரிவு, பிரதேச மட்டத்தில் பயிற்சி பெற்ற உளநல மருத்துவ அலுவலர், சமூகத்துக்குள் புனர்வாழ்வு, புதிய உளநலச் சட்டம் ஆகியவை அதன் தூண்கள். அங்கொடை வைத்தியசாலையும் பின்னர் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாறி, பயிற்சி நிலையமாகவும் வளர்ந்தது. 2020-2030 காலத்துக்கான அடுத்த கொள்கையும் வெளியிடப்பட்டுள்ளது.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. முன்பு பல்லேபொலவிலிருந்து கண்டிக்கோ அங்கொடைக்கோ சென்றால்தான் மனநோய் வைத்தியரைக் காணலாம். இப்போது மாத்தளை வைத்தியசாலையிலேயே சிகிச்சை உண்டு. தொடர்ந்து மருந்து எடுக்க வேண்டிய நோயாளிக்கு இது எத்தனை பெரிய மாற்றம் என்பது ஒரு நாட்கூலியை இழந்து பஸ் ஏறுபவருக்குத்தான் தெரியும். மாதந்தோறும் இரண்டு பேர் ஒரு நாள் முழுவதும் பயணம் செய்ய வேண்டியிருந்தால், மூன்றாம் மாதத்தில் மருந்து நின்றுபோகும். மருந்து நின்றால் நோய் திரும்பும். அப்போது ஊரார் "பார்த்தீர்களா, இது குணமாகாது" என்பார்கள். தூரம் செய்த குற்றத்தை நோயாளியின் மேல் ஏற்றுவது நமது வழக்கம்.

தூரமும் கைவிடுதலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடியை விடக் கொடிய சாட்சி இல்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலை, இராமநாதபுர மாவட்டத்தின் அந்தத் தர்கா ஊரில், தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர்கள் 28 பேர் தீயில் கருகினர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் கொடியவர்களின் குடும்பங்கள் அல்ல. அருகில் வேறு வழி இல்லாதவர்கள். ஊருக்குள் சேவை இல்லாவிடில் சங்கிலி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னும் முடியாத வேலை

மாத்தளைக்கு வேறொரு காயமும் உண்டு. 1971இலும் 1987-89 காலத்திலும் நடந்த கிளர்ச்சிகளிலும் அவற்றை ஒடுக்கிய நடவடிக்கைகளிலும் இம்மாவட்டத்தின் சிங்கள இளைஞர் பலர் காணாமற் போயினர். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலையின்போது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. தோண்டியபோது 150க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை எக்காலத்தவை என்பதில் சர்ச்சை எழுந்தது. தம் பிள்ளை அங்கே இருக்கக்கூடும் என்று வந்த பெற்றோருக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. இறந்தானா, இருக்கிறானா என்று தெரியாத துயருக்கு முடிவு நாள் கிடையாது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் படங்களை ஏந்தி வீதியில் அமர்ந்த தாய்மாருக்கும், மாத்தளையின் அந்தச் சிங்களத் தாய்மாருக்கும் வலி ஒன்றே. உண்மையைக் கண்டறிந்து சொல்வதும் உளநலச் சேவையின் ஒரு பகுதி என்பதை எந்தக் கொள்கை ஆவணமும் அழுத்திச் சொல்லக் காணோம்.

அடுத்தது சட்டம். 2005இல் வாக்களிக்கப்பட்ட புதிய உளநலச் சட்டத்துக்கு வரைவுகள் எழுதப்பட்டன. ஆனால் இருபது ஆண்டுகளாகியும் 1873இன் கட்டளைச் சட்டமே, திருத்தங்களோடு, அடித்தளமாக இருந்துவருகிறது. புகைவண்டி பதுளையை எட்டுமுன் எழுதப்பட்ட சட்டம் அது. சேவை வீட்டருகே வந்துவிட்டது, சட்டம் இன்னும் பழைய சுவருக்குள் நிற்கிறது. நோயாளியின் உரிமை, கட்டாயச் சிகிச்சைக்கான வரம்பு, சமூகத்துக்குள் பராமரிப்பு ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லும் சட்டம் இல்லாவிடில், நல்ல அலுவலர் இருக்கும் இடத்தில் நன்மையும் இல்லாத இடத்தில் தீமையும் நடக்கும்.

2022இன் பொருளாதார நெருக்கடி இதை இன்னும் அவசரமாக்கியது. மருந்துத் தட்டுப்பாடு வந்தது. மனநோய் நிபுணர்கள் உட்பட வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். இந்நிலையில் பல்லேபொல போன்ற பிரதேசத்துக்கு வேண்டியவை பெரிய கட்டடங்கள் அல்ல. மாதாந்த மருந்து மிக அருகிலுள்ள சிறிய வைத்தியசாலையிலேயே கிடைக்க வேண்டும். வீடு தேடிச் செல்லும் சமூக உத்தியோகத்தர்களுள் தமிழ் பேசுபவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். குடும்பச் சுகாதார சேவை உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், பாடசாலை ஆசிரியர், பள்ளிவாசல், விகாரை, கோயில் ஆகியோர் முதல் அறிகுறியைக் கண்டுகொள்ளவும், யாரிடம் அனுப்புவது என்று அறிந்திருக்கவும் வேண்டும். பூச்சிகொல்லித் தடைகளைத் தளர்த்த எந்த அரசும் முயலக் கூடாது.

பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தற்கொலையைப் பரபரப்பாக எழுதினால் அது தொற்றும். மூன்று வரிகளில் புதைத்தால் காரணம் மறையும். எப்படி இறந்தார் என்பதை விவரிக்காமல், ஏன் காப்பாற்றப்படவில்லை என்பதை விசாரிப்பதே நேரிய வழி. அந்த மாத்தளை நிருபர் இதை யாரும் கற்பிக்காமலே அறிந்திருந்தார். கொழும்பில் மேசைக்கு முன் இருந்த எனக்கு அது விளங்க நாளாயிற்று. அவருடைய இரண்டு வரிகளை அரை நூற்றாண்டுக்குப் பின் இங்கே அச்சேற்றியிருக்கிறேன். காலம் கடந்த திருத்தம்தான்.

இதை வாசிப்பவர்களுள் யாருக்கேனும், அல்லது அவர்கள் வீட்டில் எவருக்கேனும், மனம் தாங்க இயலாத பாரமாகத் தோன்றினால் தனித்து இருக்க வேண்டாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926 இரவு பகலாக இயங்குகிறது. வேறு நாடுகளில் வாழும் உறவுகள் தத்தம் நாட்டில் இத்தகைய சேவை எது என்பதை இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாரேனும் சிரித்துக்கொண்டே அங்கொடையின் பெயரைச் சொன்னால், நாம் சேர்ந்து சிரிக்காமல் இருப்போம். அதற்குச் சட்டமோ வர்த்தமானியோ தேவையில்லை.